துண்டுகள் காத்திருக்கும் அறை

ஜனவரி 9

அன்புள்ள வாண்டு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். எனக்கு மட்டும் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் படியேற விடுகிறதா? டாக்டர் கொடுத்த உறையைப் போட்டுக்கொள்கிறாளா, இல்லை அலமாரியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாளா?

நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு உனக்குத் தாளில் எழுத உட்கார்ந்தால்தான் பேசின மாதிரி இருக்கிறது. நீயும் இந்தப் பழக்கத்தை விட்டுவிடாதே.

புது வீட்டில் ஒரே அறையில் நானும் உன் அண்ணியும் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து வேலை பார்க்கிறோம். ஜன்னலுக்குக் கீழே பஸ் திரும்பும் முனை. ஒவ்வொரு பஸ்ஸும் என்னவோ யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. பின்னால் அவள் தட்டும் சத்தம் ஓயாது. அது நின்றால் நானும் தட்டுவதை நிறுத்திவிடுவேன். யாருடைய தப்பையோ கண்டுபிடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

ஒரு சின்ன விஷயம். எல்லா மெஷினுக்கும் அடியில் ஓடும் அந்தக் கெர்னல் புரோகிராமில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதின அந்த ஃபைல் ஞாபகம் இருக்கிறதா? பெரிய பாக்கெட் வலையில் துண்டு துண்டாக வந்தால், எல்லாத் துண்டும் வந்து சேரும்வரை மெமரியில் ஓர் அறை கொடுத்துக் காக்க வைத்து, கடைசித் துண்டு வந்ததும் ஒட்டி அனுப்புமே, அதுதான். ஒரு துண்டு வந்து தன் அறையைத் தேடிப் பிடிக்கும் இடத்தில், ‘இன்னொருவர் உள்ளே போகிறார்’ என்று கணக்கில் ஏற்றாமலே விட்டிருக்கிறோம். ஏன் அப்படி விட்டோம்? எனக்கு மறந்துபோய்விட்டது. சும்மாதான் கேட்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்

வாண்டு, நலம்தானே? அத்தையை விசாரித்ததாகச் சொல்லவும். – அண்ணி


ஜனவரி 27

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்தபோது நானும் அம்மாவும் சுகம். இப்போதும் சுகம்தான். முழங்கால் உறை டி.வி. ரிமோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. “போட்டுக்கோயேம்மா” என்றால், “வலிக்கும்போது போட்டுக்கறேன்” என்கிறாள். “இப்ப வலிக்குதா?” என்றால், “இல்லையே” என்கிறாள். சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். உன் மூக்குக்கு ஆவி பிடி.

வேலை விஷயமாக என்னிடம் நீ ஏதாவது கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது. உன் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அந்த வரியை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஏன் சிரிக்கிறேன் என்பது மட்டும் புரிந்தது.

மறக்கவா போகிறேன்? அச்சகத்துக்கு மேலே இருந்த அந்த அறை, ஒரே மேஜை, இரண்டு கீபோர்டு. அப்போது நம்மிடம் இருந்தது ஒற்றைப் பிராசஸர் மெஷின். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். முழுசாக வந்து சேராத பாக்கெட்டின் அறையைக் கொஞ்ச நேரத்தில் காலி செய்துவிட ஒரு டைமர் வைத்தோம் அல்லவா? துண்டு அறைக்குள் போய்க்கொண்டிருக்கும்போது அந்த டைமர் குறுக்கே ஓட வழியே இல்லை. அப்புறம் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கணக்கு எதற்கு? கணக்கு வைத்தால் வேகம் குறையும் என்று நீ சொன்னாய். நான் ஒத்துக்கொண்டேன்.

ஏன் கேட்டாய் என்று எழுது.

அண்ணி எழுதியிருந்ததைப் பார்த்தேன். வாண்டு என்பது நம் வீட்டுக்குள் கூப்பிடுகிற பெயர். அதில் தப்பொன்றும் இல்லை. சொல்லத் தோன்றியது, சொன்னேன்.

உன்,
வாண்டு


பிப்ரவரி 20

அன்புள்ள வாண்டு,

மூக்கு நின்று இருமல் பிடித்துக்கொண்டது. மற்றபடி சுகம். அங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறேன்.

உன் விளக்கம் போதும். ஏன் கேட்டேன் என்றால், பழைய புரோகிராம் கோடு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன், அதில் வந்த சந்தேகம். வேறொன்றும் இல்லை.

புது நாற்காலி வாங்கியிருக்கிறேன். முதுகுக்கு நல்லது என்றார்கள். முதுகைத் தவிர எல்லா இடத்திலும் வலிக்கிறது. உன் அண்ணி இப்போதெல்லாம் சாப்பாட்டு மேஜையில் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. உப்பை இந்தப் பக்கம் தள்ளு, தண்ணீரை அந்தப் பக்கம் தள்ளு என்பதோடு சரி.

இன்னொரு சந்தேகம். காலி செய்த அறையின் கதவில் ‘காலி’ என்று ஒரு குறி போட்டுவிட்டு, துண்டு உள்ளே போகுமுன் அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டால் போதாதா? உனக்கு என்ன தோன்றுகிறது? இதை யாரிடமும் பேச வேண்டாம். பேசுவதற்கு ஒன்றுமில்லை.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 8

அன்புள்ள அண்ணா,

அம்மா சுகம். நான் தூங்குவதில்லை என்பதைத் தவிர நானும் சுகம். உன் இருமலுக்கு மருந்து வாங்கிக்கொண்டாயா?

யாரிடமும் பேச வேண்டாம், பேசுவதற்கு ஒன்றுமில்லை என்று இரண்டையும் ஒரே மூச்சில் எழுதினால் நான் என்ன நினைப்பேன்? சனிக்கிழமை அந்த ஃபைலைத் திறந்தேன். எழுதின கை அல்லவா, ஓட்டையைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னடி, பேயடிச்ச மாதிரி இருக்கே?” என்றாள். அவளுக்குச் சொன்ன மாதிரியே உனக்கும் சொல்கிறேன்.

“ஒரு விடுதின்னு வெச்சுக்கோம்மா. ஒருத்தர் அறைச் சாவிய வாங்கிட்டு மாடிப்படி ஏறிட்டிருக்கார். அதே நேரம் கீழ ஆபீஸ்ல, இவர் வரலைன்னு நெனச்சு அறையைக் காலி பண்ணி வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. இவர் கையில சாவி இருக்கு. நேரா உள்ள போய், அடுத்தவங்க பெட்டியத் தெறந்து தன் சாமானை வெச்சுட்டு வந்துடறார்.”

“அறிஞ்சு வெச்சா திருட்டு, அறியாம வெச்சா தப்பு” என்றாள் அம்மா.

“அறிஞ்சே வைக்கலாம், அதான் கஷ்டம். எப்ப படியேறணும்னு கணக்குப் போட்டு அனுப்பினா, வெளியில எங்கேயோ இருக்கறவன் பாஸ்வேர்டே இல்லாம மெஷினுக்குள்ள தனக்கு வேணுங்கறதை எழுதிடலாம்.”

நம் காலத்து ஒற்றைப் பிராசஸரில் இது நடக்காது. இன்றைக்கு ஒரு மெஷினில் எட்டு, பதினாறு. ஒன்று படியேறும்போது இன்னொன்று காலி செய்யும்.

எங்கள் கம்பெனி செய்வது ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கும் மானிட்டர்கள் என்று உனக்குத் தெரியும். நாடித் துடிப்பை எடுத்து நர்ஸ் மேஜைக்கு அனுப்பும். உள்ளே ஓடுவது இதே கெர்னல். ஒன்றை என் மேஜையில் வைத்து, ஒரு சின்ன புரோகிராம் எழுதித் துண்டுகளை அனுப்பிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் திரை கறுத்துவிட்டது.

நீ ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். திருத்தம் வெளியாகும் தேதிவரை வாயைத் திறக்கக் கூடாது என்ற விதி எனக்கும் தெரியும். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் சொல். கண்டுபிடித்தது நீதானே?

உன்,
வாண்டு


மார்ச் 30

வாண்டு,

அவள்தான்.

தேதி இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. தயவுசெய்து அதுவரை பொறுத்துக்கொள். இருமல் பரவாயில்லை. அம்மாவைக் கவனித்துக்கொள்.

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

அன்புள்ள என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. அம்மா சுகம். நானும்.

ஒரே சொல்லில் முடித்துவிட்டாய். எத்தனை தடவை அதைப் படித்தேன் என்று உனக்குத் தெரியாது. யாரோ என்றிருந்தால் விட்டுவிடுவேன். உலகத்தில் எவ்வளவோ பேர் இந்த வேலை பார்க்கிறார்கள்.

உன் வீடு அவளுடையது, சரி. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அம்மாவோடு பேசும்போது பின்னாலிருந்து அவள் ஏதோ சொல்வாள், நீ சிரிப்பாய். எங்களுக்குச் சொல்ல மாட்டாய். அதுவும் சரி. போன வருஷம் எனக்கு ஜுரம் வந்தபோது விசாரித்து எழுதின கடிதம்கூட அவள் கையெழுத்தில்தான் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமானவன், அப்படித்தான் இருப்பான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நமக்கு மட்டும் என்று மிச்சமிருந்தது அந்த ஒரு ஃபைல். மேலே உன் பெயர், கீழே என் பெயர். இடையில் யாரும் இல்லை. அவள் அதற்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டாள். வந்தவள் சும்மாவா இருந்தாள், எங்கே ஓட்டை என்று பார்த்துச் சொல்லியும்விட்டாள்.

அவளுக்குத் தெரியும், உனக்குத் தெரியும், இரண்டு பேரும் மாதக்கணக்கில் பொத்தி வைத்துக்கொண்டிருந்தீர்கள். எங்கள் மானிட்டர் பெட்டிகள் ஊரிலுள்ள ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் இருக்கின்றன. எனக்குச் சொல்லவில்லை. விதி என்பாய். சொல்லத்தான் விதி குறுக்கே நின்றதா? என் வாயைப் பிடுங்க மட்டும் இடம் கொடுத்ததா?

அந்தப் புரோகிராம் என் மெஷினில் இருக்கிறது. விளக்கமும் எழுதி முடித்துவிட்டேன், என் பெயரில். பொதுவில் போட்டால் முதலில் சொன்னவள் நான். அப்புறம் அவள் எந்தத் தேதியில் என்ன அறிவித்தாலும் இரண்டாவதுதான். இதைப் படித்துவிட்டு நீ சாப்பிட உட்காரக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வாண்டு


மே 17

அன்புள்ள நாத்தனாருக்கு,

எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இப்படி ஆரம்பிக்கிறேன். ஜனவரியில் வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டேன். அதற்கு வந்த பதிலை உங்கள் அண்ணன் எனக்குக் காட்டவில்லை.

இங்கே நலம் என்று எழுதுவது முறை. அவருக்கு உடம்பு நலம். அங்கே நீங்களும் அத்தையும் முழு நலமாக இருக்க வேண்டும்.

ஏப்ரலில் உங்கள் கடிதம் வந்தபோது மாடிப்படியில் நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று சாப்பிடவில்லை. என்ன என்று கேட்டேன். “அம்மாவுக்குக் கால் வலியாம்” என்றார். அத்தைக்குக் கால் வலி எப்போதும் உள்ளதுதானே. அதற்கு இவர் பட்டினி கிடந்து நான் பார்த்ததில்லை.

முதலில் வேலை விஷயம். அந்த ஓட்டையை அடைக்க இரண்டு பேட்ச் தயாராக இருக்கின்றன. ஒன்று அவர் எழுதியது, ஒன்று நான். எதை எடுப்பது என்று நாங்கள் இருவரும் இருக்கும் கெர்னல் பாதுகாப்புக் குழுவில் இழுபறி. ஃபைலைக் கரைத்துக் குடித்த மூன்றாம் ஆள் ஒருவர் பார்த்துச் சொன்னால் நல்லது என்றார்கள். உங்கள் பெயரைச் சொன்னேன்.

“வேண்டாம்” என்றார் அவர்.

“ஏன் வேண்டாம்? எழுதினதே அவங்கதானே?”

“அவளை இதுல இழுக்காதே” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

குழு என் பேச்சைக் கேட்டது. இரண்டும் பெயர் போடாமல் உங்களுக்கு வந்து சேரும். எது யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அது தெரிந்தேதான் உங்கள் பெயரைச் சொன்னேன்.

இனி எழுதுவது வேலை விஷயம் இல்லை.

கல்யாணமாகி நான் வந்ததிலிருந்து, உங்கள் கடிதம் வருகிற நாள் வாசல் சத்தத்திலேயே எனக்குத் தெரியும். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வருவார். படித்துவிட்டுத் தனியாகச் சிரிப்பார். என்ன என்று கேட்டால், “அது... அந்த ரூம்ல இருந்திருந்தாத்தான் புரியும்” என்பார். ஒவ்வொரு தடவையும் இதே பதில். நான் அந்த அறையில் இல்லை. இருந்திருக்கவும் முடியாது. அது அச்சகத்துக்கு மேலே இருந்தது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த அறைமேல் எனக்குப் பொறாமை. உங்கள்மேல் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

நவம்பரில் ஒரு நாள் அவர் வெளியே போயிருந்தபோது உங்கள் ஃபைலை எடுத்துப் படித்தேன். யாரும் அதைப் பார்க்கச் சொல்லவில்லை. மற்றவர்கள் வீட்டில் கணவனின் பழைய போட்டோவை எடுத்துப் பார்ப்பார்கள், நான் இதைப் பார்த்தேன். எந்த வரி அவர், எந்த வரி நீங்கள் என்று பிரித்துப் பிரித்துப் படித்தேன். கோடுக்கு நடுவே எழுதும் குறிப்புகளில்கூடச் சண்டை போட்டிருக்கிறீர்கள். ‘இதை மாற்றுகிறவன் கை விளங்காது’ என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே, ‘மாற்றியாயிற்று, கை சுகம்’ என்று இன்னொன்று. வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் அழுகை வந்தது. யார் எங்கே விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அப்படி வரும்போதுதான் கணக்கு விட்டுப்போன இடம் கண்ணில் பட்டது.

இத்தனை வருஷமாக எத்தனையோ கெட்டிக்காரர்கள் கண்ணில் படாதது உனக்கு எப்படித் தெரிந்தது என்று குழுவில் எல்லோரும் கேட்கிறார்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
அண்ணி


ஜூன் 6

அன்புள்ள அண்ணா,

ஏப்ரலில் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. அம்மா நலம். இப்போது உறையைப் போட்டுக்கொள்கிறாள், நல்ல காலில். அதில்தான் வசதியாக இருக்கிறதாம்.

பொதுவில் போடவில்லை. உனக்கு எழுதின அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் பழுதான மானிட்டர் ஒன்றை மாற்றப் போயிருந்தேன். நீளமான வார்டு, இரண்டு பக்கமும் கட்டில்கள். ஒவ்வொரு தலைமாட்டிலும் எங்கள் பெட்டி. நான் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தபோது வார்டு நர்ஸ் ஒருத்தி வந்து நின்றாள்.

“இது நின்னு போச்சுன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சத்தம் குடுக்கும்” என்றேன்.

“அதுவும் சேந்து நின்னுட்டா?”

ஸ்க்ரூவைத் திரும்ப முடுக்கினேன். அவற்றை மொத்தமாக நிறுத்துகிற புரோகிராமைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள்முன் நின்றிருந்தேன். கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நான் அவருக்கு ஏதோ நல்லது செய்கிறேன் என்று. வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்திருந்த விளக்கத்தை அழித்தேன். மனசு திருந்திவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பொறாமை அப்படியே இருக்கிறது. அந்த வார்டு அதைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவே.

பிறகு அந்த இரண்டு பேட்சும் வந்தன.

முதலாவதைத் திறந்ததும் தெரிந்துவிட்டது, அது நீ. ஐந்தே வரி. நாம் எழுதினதில் ஓர் எழுத்தைக்கூடக் கலைக்கவில்லை. கதவில் ‘காலி’ என்ற குறி, போகுமுன் ஒரு பார்வை. பிப்ரவரியில் என்னிடம் கேட்டாயே, அதே. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜனவரியில் நீ சும்மா கேட்கவில்லை. உன் வேலையில் என்னைச் சேர்த்துக்கொள்ளவும் கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தவளை முந்தத்தான் கேட்டாய். நான் அந்தக் கேள்வியை அம்மாவுக்கு வாசித்துக்காட்டிச் சந்தோஷப்பட்டேன்.

இருந்தும் உன்னுடையதுதான் சரியாக இருக்க வேண்டும் என்று அப்படி ஆசைப்பட்டேன். அவளுடையது நம் ஃபைலில் பாதியைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. நாம் அடித்துக்கொண்டு எழுதின, துண்டுகளை ஒட்டுகிற அந்தச் சுழற்சியே போய்விடும். இரண்டையும் தனித்தனி மானிட்டரில் ஏற்றி, என் புரோகிராமை ஓடவிட்டேன். உன்னுடையது முதல் நாள் தாங்கியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள் காலை அலுவலகத்துக்குள் நுழையும்போதே திரை கறுத்திருந்தது. திரும்ப ஏற்றினேன். திரும்பவும் கறுத்தது. குறியைப் பார்த்துவிட்டு உள்ளே கால் வைப்பதற்குள் அறை கைமாறிவிடுகிறது, அண்ணா. அந்த இடைவெளியை எத்தனை குறி போட்டாலும் மூட முடியாது.

அவளுடையதில் கொடுத்த சாவி அத்தனையும் திரும்பி வரும்வரை அறையை யாருக்கும் கொடுப்பதே இல்லை. வாரக்கடைசி முழுக்க அடித்துப் பார்த்தேன். அசையவில்லை. அவ்வளவு எளிமை. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்.

இரண்டாவதுதான் சரி என்று குழுவுக்கு எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் வருமுன்பே உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் என் கையால் உனக்குச் சொல்ல வேண்டும்.

இருமல் முழுதும் போயிற்றா?

உன்,
வாண்டு


ஜூலை 21

அன்புள்ள வாண்டு,

இருமல் போயிற்று. அம்மா எந்தக் காலில் போட்டாலும் போட்டுக்கொள்கிறாளே, அது போதும்.

முந்தத்தான் பார்த்தேன். உன் அனுமானம் சரி. நம் கோடில் இருந்த ஓட்டையை நாமே அடைத்துவிட வேண்டும், அவள் கையால் கூடாது என்று ஒரு வீம்பு. அவள் வேலை என்னுடையதைவிட நன்றாக இருக்கும் என்று தெரிந்ததனால் வந்த வீம்பு. இதற்குமேல் எழுத வெட்கமாக இருக்கிறது.

உன் முடிவு குழுவுக்கு வந்தபோது இருவரும் அவரவர் திரையில் ஒரே நேரத்தில் படித்தோம். யாரும் திரும்பவில்லை. கீழே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் நான்தான் நாற்காலியைத் திருப்பினேன்.

“நீ ஜெயிச்சுட்டே” என்றேன்.

“ஜெயிக்கறதுக்கா நான் அதைப் படிச்சேன்?” என்றாள்.

“பின்ன எதுக்கு?”

“உங்க தங்கச்சிக்குத் தெரியும்.”

எனக்குப் புரியவில்லை. அவள் திரும்பித் தட்ட ஆரம்பித்துவிட்டாள். உனக்கு என்ன தெரியும்?

போன வாரம் திருத்தம் வெளியானது. கண்டுபிடித்ததும் எழுதியதும் அவள் என்று போட்டிருக்கிறது. சோதித்தது நீ. என் பெயர் பார்வையிட்டவர்கள் வரிசையில் கடைசியில். ஃபைலின் தலையில் நம் பெயர் இரண்டும் அப்படியே இருக்கின்றன. பாதிக்குமேல் அவள் எழுதியது, தன் பெயரைச் சேர்க்கலாம். சேர்க்கவில்லை. பாதுகாப்புக் குழுவிலிருந்து நான் கொஞ்ச நாளைக்கு விலகியிருக்கிறேன். யாரும் போகச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிகளில் எல்லாப் பெட்டிக்கும் புதுசு ஏற்றியாகிவிட்டதா? உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்


செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் அம்மாவும் இங்கே நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணாவை இல்லை, உங்களைக் கேட்கிறேன். மே மாதமே உங்களுக்குப் பதில் எழுதியிருக்க வேண்டும். எழுதினேன், கிழித்தேன். திரும்ப எழுதினேன், அதுவும் குப்பைக்குப் போயிற்று.

வார்டு வார்டாக அலைந்து கடைசிப் பெட்டிக்கும் உங்கள் திருத்தத்தை ஏற்றி முடித்துவிட்டோம். ஒவ்வொன்றும் அணைந்து திரும்ப எரியும்வரை அங்கே ஒரு நர்ஸ் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நிற்பாள். எரிந்ததும், “அடுத்தது” என்பாள்.

அந்த அறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், கேட்காமல் கேட்டிருந்தீர்கள். நீங்கள் நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. ஜன்னல் பாதிதான் திறக்கும். மை நாற்றம் சாப்பாட்டிலும் ஏறிவிடும். கீழே மிஷின் ஓடினால் எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. அதனால்தான் குறிப்பில் எழுதிச் சண்டை போட்டோம். பாதி நாள் அண்ணா என்னோடு பேசாமலே இருப்பான், நான் அவன் தப்பைக் கண்டுபிடித்திருப்பேன். இப்போது உங்களுக்கு நடப்பதுதான் அப்போது எனக்கும் நடந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். திருத்தம் வெளியான நாளிலிருந்து நீங்கள் எழுதிய பாதியை நான் வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் ஒரு தப்பாவது இருக்க வேண்டும் என்றே படித்தேன். இருக்கிறது.

மெமரி பற்றாமல் போனால் பாதியிலேயே திரும்பிவிடும் ஒரு வழி வைத்திருக்கிறீர்களே, அந்த வழியில் வெளியே வருகிறவர் சாவியைத் திருப்பிக் கொடுப்பதில்லை. அந்த அறை என்றைக்கும் காலியாகாது. இப்படியே விடாமல் துண்டுகளை அனுப்பி எல்லா அறையையும் அடைத்துவிட்டால் மெஷின் மூச்சுத் திணறி நின்றுவிடும். உள்ளே யாரும் நுழைய முடியாது. ஆனால் வார்டில் திரை கறுத்துவிடும்.

கண்டதும் எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடித்தேன், ஏதோ பெரிதாகச் சாதித்த மாதிரி. குடித்து முடிப்பதற்குள் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது என்று யோசித்தால் நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். நான்கு வருஷமாகியும் உங்கள் முகம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை, கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி.

குழுவுக்கு நேற்றே அனுப்பிவிட்டேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருத்தத்தை நீங்களே எழுதுங்கள், நான் சோதிக்கிறேன். அண்ணா குழுவில் இல்லாததால் அவனுக்கும் தேதிவரை தெரியக் கூடாது. விதி என்றால் விதிதான்.

ஃபைலின் தலையில் உங்கள் பெயரைப் போடுங்கள். இரண்டு பெயருக்கும் நடுவில் இடம் இருக்கிறது.

உங்கள்,
வாண்டு


அக்டோபர் 19

அன்புள்ள வாண்டு,

இங்கே இரண்டு பேரும் சுகம். ஒருத்தி மிகவும் சுகம். அம்மாவுக்குக் கால் எப்படி என்று உன்னைக் கேட்க வேண்டியதில்லை. உன் அண்ணியே எனக்குச் சொல்கிறாள்.

இன்று காலை ஊரிலுள்ள எல்லோரையும்போல நானும் அந்த அறிவிப்பைப் படித்தேன். கண்டுபிடித்தது நீ. திருத்தியது அவள். என் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் உட்கார்ந்து, வாரக்கணக்கில் இதைச் செய்திருக்கிறாள். நடுவில் ஒரு நாள் அவள் தனியாகச் சிரிப்பது கேட்டு, “என்ன?” என்றேன். “உங்க தங்கச்சி ஒரு குறிப்பு எழுதியிருக்காங்க, கோடுக்குள்ள” என்றாள். காட்டு என்றதற்கு, “தேதி வரட்டும்” என்று திரையைத் திருப்பிக்கொண்டாள்.

அது என் ஃபைலும்தான், வாண்டு. நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்று தெரியும். அதை எனக்கு நீ எழுதிக் காட்ட வேண்டாம்.

உன் கடிதங்கள் இப்போது அவள் பெயருக்கு வருகின்றன. எனக்கு வருவது அரைப்பக்கம், அதிலும் பாதி அம்மா சொல்லச் சொல்ல நீ எழுதியது. அப்படி என்னதான் எழுதிக்கொள்கிறீர்கள்? என்னைப் பற்றியா? என்னைப் பற்றி என்றால் நான் தெரிந்துகொள்ளலாம். என்னைப் பற்றி இல்லை என்றால் அது இன்னும் மோசம்.

சற்றுமுன் உனக்கு ஒரு கடிதம் எழுதி ஒட்டி முடித்தாள். கனமான கடிதம். “குடு, நான் தபால் பெட்டிப் பக்கம்தான் போறேன்” என்றேன். “மழை பெய்யுது, நீங்க இருங்க” என்று குடையை எடுத்துக்கொண்டு அவளே கிளம்பிவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். பஸ் முனையைத் தாண்டிவிட்டாள். கடிதம் நனையாதபடி குடையைச் சாய்த்துப் பிடித்திருக்கிறாள், ஒரு தோள் முழுக்க நனைகிறது.

என் கடிதத்தையும் சேர்த்துப் போடச் சொல்ல மறந்துவிட்டேன்.

அன்புடன்,
அண்ணன்